ஊர் கூடி விதித்துக்கொண்ட வரி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு பெரியவர் தம் வாழ்நாளில் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துவைத்து, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் இன்ன காரியத்துக்கே செலவிட வேண்டும் என்று சாசனம் எழுதிவைத்தமையால்தான் நாம் இன்று இந்த மண்டபத்தில் கூடியிருக்கிறோம். அந்தத் தொகையை அவர் பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டு, வேண்டியபோது வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள் என்று விட்டிருக்கலாம்; ஆனால் அவ்விதம் சேர்ந்த பணம், அடுத்தடுத்து வரும் அவசரங்களில் எவருடைய குற்றமும் இன்றியே கரைந்துவிடும் என்பதை அறிந்த அனுபவசாலியாகையால், காரியத்தையும் பணத்தையும் சேர்த்து முடிந்துவைத்தார். தனி மனிதர் ஒருவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு செய்யும் இந்த ஏற்பாட்டை, ஓர் ஊர் முழுவதும் ஒன்று சேர்ந்து, தன் வரிப்பணத்தைக் கொண்டு, தன் பின்சந்ததிக்காகச் செய்துவைக்க இயலுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இயலும் என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம், அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே உள்ள ஓக்லண்ட், பெர்க்லி முதலிய நகரங்களில் இருக்கிறது. ஈஸ்ட் பே பிராந்தியப் பூங்கா வட்டாரம் என்ற அந்த ஸ்தாபனத்தின் சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்லி, அதிலிருந்து நாம் பெறத்தக்க முடிவு எது என்பதை இறுதியில் கூறுகிறேன்.

1. பொதுப் பணமும் தனிப் பணமும்

பூங்கா வேண்டாம் என்று சொல்பவர் எந்த நகரசபையிலும் இரார். ஆயினும் வருஷந்தோறும் வரவுசெலவுத் திட்டம் தீட்டும் வேளையில், முதலில் குறைக்கப்படுவது பூங்காவுக்கு உரிய தொகையாகவே இருக்கக் காண்கிறோம். இதற்குக் காரணம் அங்கத்தினர்களின் மனக்குறை அன்று. காரியத்தின் இயல்பே அப்படிப்பட்டது. சாக்கடை அடைத்துக்கொண்டால் ஜனங்கள் மறுநாளே வாசலில் வந்து நிற்பார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் மனு வரும். ஊழியர் சம்பளம் நின்றால் அலுவலகமே நின்றுபோகும். ஆனால் வாங்காமல் விட்ட நிலத்துக்காகவும் நடாமல் விட்ட மரத்துக்காகவும் எவரும் மனு எழுதுவதில்லை. அந்த நஷ்டம், இருபது வருஷம் கழித்து, அந்த நிலத்தில் வீடுகள் நெருங்கிக் கட்டப்பட்ட பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற பழமொழி நகரசபைக் கணக்குக்கும் பொருந்தும். பூங்காவோ அழத் தெரியாத பிள்ளை.

இந்த உண்மையை உணர்ந்த அமெரிக்கர் கண்ட பரிகாரம்தான் சிறப்பு வட்டாரம் என்பது. மாகாண அரசாங்கத்தின் கீழ் உள்ள கவுண்டிகளும் நகரசபைகளும் போக, ஒரே ஒரு காரியத்துக்கென்றே ஓர் எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் வாழ்வோரின் சம்மதத்தோடு ஒரு வரி விதித்து, அதைப் பரிபாலிக்க ஒரு குழுவையும் நியமித்துக்கொள்வது அதன் இலக்கணம். குடிநீர் கொண்டுவர ஒன்று, தீயணைக்க ஒன்று, கொசு ஒழிக்க ஒன்று, இடுகாட்டைப் பராமரிக்க ஒன்று என்று இவை பலதிறப்பட்டவை. இன்று அந்நாட்டில் இத்தகைய வட்டாரங்கள் ஏறக்குறைய 39,000 இருக்கின்றன. பூங்காவுக்கென்று தனி அதிகாரம் அமைக்கும் வழக்கமும் பழையதே. 1883-இல் மினியாபொலிஸ் நகரத்தார், தங்கள் நகரசபையின் எதிர்ப்பையும் மீறி, வாக்கெடுப்பின் மூலம் தனிப் பூங்கா வாரியம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். அந்நகரத்து ஏரிக்கரைகள் தனியார் வேலிகளுக்குள் மறையாமல் இன்றும் பொதுமக்கள் உலாவும் இடங்களாக இருப்பது அதன் பயன். 1907-இல் வாஷிங்டன் மாகாணத்து டகோமா நகரம் அதே வழியில் சென்றது. ஆனால் இவை ஒரு நகரத்தின் எல்லைக்குள் அடங்கிய முயற்சிகள். பல நகரங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு மலைத்தொடரைக் காத்த கதையே நான் சொல்ல வந்தது.

2. குன்றுகள் எவருக்கு உரியவை?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரை நகரங்களுக்குப் பின்னால், கரைக்கு இணையாக, குன்றுகளின் வரிசை ஒன்று நீண்டு செல்கிறது. கோடையில் பொன்னிறமாகக் காயும் புல்லும், பள்ளத்தாக்குகளில் ஓக் மரமும், சில சரிவுகளில் வானளாவிய ரெட்வுட் மரமும் நிறைந்த அக்குன்றுகளில் பெரும்பகுதி, பல்லாண்டுகளாகத் தனியார் குடிநீர்க் கம்பெனியின் நீர்ப்பிடிப்பு நிலமாகக் கிடந்தது. 1923-இல் அந்நகரங்களின் மக்கள் வாக்களித்துக் குடிநீருக்கென்றே ஒரு சிறப்பு வட்டாரத்தை ஏற்படுத்தினார்கள். அது 1928-இல் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கி, தொலைவில் உள்ள சியரா மலையடிவாரத்தில் மோகெலம்னி ஆற்றின் குறுக்கே பார்டி அணையைக் கட்டி, 1929-இல் அந்த நீரைக் குழாய் வழியே கொண்டுவந்து சேர்த்தது. தூரத்து ஆற்றின் நீர் வந்து சேர்ந்ததும், உள்ளூர்க் குன்றுகளில் பல்லாயிரம் ஏக்கர் நிலம் இனி நீருக்குத் தேவையில்லாத உபரி நிலமாயிற்று.

உபரி நிலம் என்றால் அடுத்து வருவது விற்பனை. விற்பனை என்றால் மனைப்பிரிவு. அந்த அபாயத்தை உணர்ந்தவர்களில் முன்நின்றவர் ராபர்ட் சிப்லி என்பவர்; அக்குன்றுகளில் நடந்து பழகியவர். அவரும் அவரைச் சேர்ந்தோரும் எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாக, கலிபோர்னியா சர்வகலாசாலையின் பொதுநிர்வாக ஆய்வுத்துறை ஓர் ஆராய்ச்சிக்கு ஏற்பாடு செய்தது. பூங்கா அமைப்புக் கலையில் புகழ்பெற்ற ஓல்ம்ஸ்டெட் சகோதரர்களின் நிறுவனமும், தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த ஆன்செல் ஹாலும் சேர்ந்து 1930-இல் வெளியிட்ட அறிக்கை, அந்த நிலங்களைத் துண்டு போடாமல் மலைமுகட்டோடு தொடரும் பூங்கா வரிசையாகக் காக்க வேண்டும் என்று யோசனை கூறியது.

யோசனை நல்லதுதான், செய்வது யார்? நீர் வழங்குவதே தன் கடமை என்று இருந்த குடிநீர் வட்டாரம், பூங்கா நடத்தும் பொறுப்பை ஏற்க முன்வரவில்லை. நகரசபைகளோ தனித்தனியே செயலற்றுக் கிடந்தன. மலைமுகடு நகரசபையின் எல்லைக்கல்லை அறியாது. ஓக்லண்ட் வாங்கிய நிலத்தில் பெர்க்லிக்காரர் உலாவுவதைத் தடுக்க முடியாது. ஆகவே நாம் ஏன் வாங்க வேண்டும், அவர்கள் வாங்கட்டும் என்று ஒவ்வொரு நகரமும் மற்றதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமை. தனித்தனியே எவருக்கும் இயலாததும், எல்லோருக்கும் பயன்படுவதுமான காரியத்துக்கு, அந்தக் காரியத்தின் அளவாகவே ஓர் எல்லையை வகுத்துக்கொள்வதுதான் வழி என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 1933-இல் மாகாணச் சட்டசபை அதற்கு இடங்கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

3. 1934 நவம்பர் 6

அந்தக் காலத்தின் நிலைமையை நண்பர்கள் மனத்தில் கொண்டுவர வேண்டும். உலகப் பொருளாதார மந்தம் அமெரிக்காவை நெரித்துக்கொண்டிருந்தது. 1933-இல் உழைக்கும் நால்வரில் ஒருவர் வேலையிழந்து நின்றார். அந்த 1934-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் சான் பிரான்சிஸ்கோ வட்டாரமே ஸ்தம்பிக்கும்படி துறைமுகத் தொழிலாளர் கிளர்ச்சி பொது வேலைநிறுத்தமாக வெடித்தது. அத்தகைய வருஷத்தில், வயிற்றுக்குப் போதாத ஜனங்களிடம் சென்று, புல்லும் மரமும் நிறைந்த குன்றுகளை வாங்க ஒரு புதிய வரி கொடுங்கள் என்று கேட்பதை எந்த அரசியல் புத்திசாலியும் பைத்தியக்காரத்தனம் என்றே சொல்லியிருப்பான்.

அவர்கள் கேட்ட வரி என்ன? சொத்தின் வரிமதிப்பில் நூறு டாலருக்கு ஐந்து சென்ட். மூவாயிரம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒன்றரை டாலர் கொடுக்க வேண்டும். 1934 நவம்பர் 6-ஆம் தேதி அலமேடா, அல்பனி, பெர்க்லி, எமரிவில், ஓக்லண்ட், பீட்மாண்ட், சான் லியாண்ட்ரோ ஆகிய ஏழு நகரங்களின் வாக்காளர் முன் இக்கேள்வி வைக்கப்பட்டது. வாக்களித்தோரில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அந்த வரியை ஏற்றுக்கொண்டார்கள்.

வறுமையில் உழன்ற ஜனங்கள் ஏன் இவ்விதம் செய்தார்கள் என்பதை நான் பலகாலம் சிந்தித்திருக்கிறேன். தொகை சிறிது என்பது ஒரு காரணம். பூங்கா அமைக்கும் வேலை பலருக்குக் கூலி கொடுக்கும் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். அந்த நம்பிக்கை வீண்போகவும் இல்லை. ஆனால் முக்கியமான காரணம், தாங்கள் கொடுக்கும் காசு எங்கே போகும் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்க்க முடிந்தது என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. ஜனங்கள் வரியை வெறுக்கிறார்கள் என்று ஓயாமல் சொல்கிறோம். அவர்கள் வெறுப்பது, கொடுத்த பின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும் வரியை.

அன்று அமைந்த முதல் குழுவின் ஐந்து அங்கத்தினர்களையும் கவனியுங்கள். தலைமை ஏற்ற சார்ல்ஸ் லீ டில்டன் ஒரு வழக்கறிஞர். ஆகஸ்ட் வால்மர், பெர்க்லி நகரப் போலீஸ் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். அரேலியா ரைன்ஹார்ட், மில்ஸ் பெண்கள் கல்லூரியின் தலைவி. தாமஸ் ராபர்ட்ஸ், தொழிற்சங்கத் தலைவர். ஐந்தாமவர் லெராய் குட்ரிச். செல்வரும் தொழிலாளரும், கல்வியாளரும் காவலரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்த அந்தக் குழு, பூங்கா என்பது ஒரு வகுப்பாரின் பொழுதுபோக்கு என்ற அபிப்பிராயத்துக்குத் தன் அமைப்பாலேயே பதில் சொல்லிற்று.

4. ஐந்து சென்ட் செய்த காரியம்

1936-இல் பூங்கா வட்டாரம் குடிநீர் வட்டாரத்திடமிருந்து இரண்டாயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தை வாங்கி, முதல் மூன்று பூங்காக்களை ஏற்படுத்திற்று. அவற்றுள் ஒன்று பின்னர் டில்டன் பெயரையும், மற்றொன்று சிப்லி பெயரையும் பெற்றன; மூன்றாவது டெமெஸ்கல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடிநீருக்காகக் கட்டப்பட்ட ஏரி. வேலையற்ற வாலிபர்களுக்கு மத்திய அரசாங்கம் அளித்த நிவாரண வேலைத் திட்டங்களின் ஆட்களே பாதைகளை வெட்டினார்கள். ஏரிக்கரையில் கல் மண்டபம் எழுப்பினார்கள். சிப்லி பூங்காவில் அணைந்துபோன எரிமலை ஒன்றின் உட்புறத்தைப் பழைய கல் குவாரிகள் திறந்து காட்டுகின்றன; பள்ளிச் சிறுவர் அங்கே நின்று, தங்கள் ஊர் மண் எவ்விதம் உண்டாயிற்று என்பதைக் கையால் தொட்டு அறிகிறார்கள். டில்டன் பூங்காவின் ஒரு பள்ளத்தாக்கில், 1940-ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஜேம்ஸ் ரூஃப் என்பவர் தொடங்கிய தாவரத் தோட்டம், பாலைநிலம் முதல் பனிமலை வரை கலிபோர்னியாவின் சொந்தச் செடிகொடிகளை மட்டுமே பிரதேச வாரியாகப் பயிரிட்டுக் காத்துவருகிறது.

அவ்வட்டாரம் பின்னர் ஏற்படுத்திய பூங்காக்களில் ரெட்வுட் பூங்காவை மாத்திரம் சற்று நின்று பார்ப்போம். ஒருகாலத்தில் அங்கே நின்ற மரங்களின் உயரம், கடலில் வரும் மாலுமிகள் அவற்றையே குறியாகக் கொண்டு விரிகுடாவுக்குள் கப்பலைச் செலுத்தும் அளவுக்கு இருந்தது. தங்கவேட்டைக் காலத்தில் நகரங்கள் கட்ட அத்தனையும் வெட்டப்பட்டு, மலைச்சரிவில் அடிக்கட்டைகள் மட்டுமே மிஞ்சின. இன்று அங்கே சென்றால், மரங்கள் வட்டம் வட்டமாக நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் வெறுமையாக இருக்கும் இடம், வெட்டுண்ட மூத்த மரம் நின்ற இடம். சுற்றி நிற்பவை அதன் வேரிலிருந்து கிளைத்தவை. அந்தப் பள்ளத்தாக்கின் ஓடையில் பிடித்த மீனைக் கொண்டே 1855-இல் வானவில் டிரவுட் என்ற மீன் ஒரு தனி இனமாக விஞ்ஞான உலகுக்கு விவரிக்கப்பட்டது. மரம் தானே வளர்ந்தது, மீன் தானே பெருகியது என்று சொல்வோர் உண்டு. அவை வளர்வதற்கு வேண்டிய நூறு வருஷத்து அவகாசத்தை எவரோ விலை கொடுத்து வாங்கியாக வேண்டியிருந்தது.

1962-இல் பொது மேலாளராக வந்த வில்லியம் பென் மாட் காலத்தில், 1964-இல், முன்பு விலகி நின்ற கான்ட்ரா கோஸ்டா கவுண்டியின் பெரும்பகுதியும் வாக்கெடுப்பின் மூலம் சேர்ந்தது. 1978-இல் கலிபோர்னியா மக்கள் நிறைவேற்றிய 13-ஆம் பிரேரணை சொத்துவரியை ஒரு விழுக்காட்டில் நிறுத்தி, தனி வரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று விதித்தது. அதன்பின்னும் அதே மக்கள், தேவையான பெரும்பான்மையோடு, 1988-இல் 22.5 கோடி டாலருக்கும் 2008-இல் 50 கோடி டாலருக்கும் கடன்பத்திரங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 2008-ஆம் வருஷத்து இறுதி மாதங்கள், வங்கிகள் வீழ்ந்து வீடுகள் ஏலம் போன காலம் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. இன்று அவ்வட்டாரத்தின் பராமரிப்பில் எழுபதுக்கு மேற்பட்ட பூங்காக்களும், 1,20,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் இருக்கின்றன.

5. இந்த முறையின் அபாயங்கள்

நன்மையை மட்டும் சொல்லிச் செல்வது சொற்பொழிவாளனுக்கு அழகன்று. தனிப் பணமும் தனி அதிகாரமும் சேர்ந்த எதுவும், காலப்போக்கில் தன்னையே தன் நோக்கமாக்கிக்கொள்ளக் கூடும். 39,000 வட்டாரங்கள் உள்ள நாட்டில், தாம் எத்தனை வட்டாரங்களுக்கு வரி கொடுக்கிறோம் என்பதைச் சொல்லத் தெரிந்த குடிமக்கள் சிலரே. அவற்றின் தேர்தல்களில் வாக்களிப்போரும் பல இடங்களில் சொற்பமே. ஈஸ்ட் பே வட்டாரம் பிறந்த அதே 1934-இல், சிகாகோ நகரத்தில் தனித்தனியே வரி வசூலித்துவந்த 22 பூங்கா வட்டாரங்களை ஒன்றாக இணைத்து ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் வட்டாரம் இன்மை நோயாக இருந்தது. மற்றோரிடத்தில் வட்டாரங்களின் மிகுதியே நோயாக இருந்தது. ஆகவே தனி வட்டாரம் என்பது எங்கும் எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை.

மற்றோர் அபாயம் நியாயம் பற்றியது. குன்றின்மேல் உள்ள பூங்காவுக்குச் சமீபத்தில் வசிப்போர் பெரும்பாலும் செல்வர். கரையோரச் சமவெளியில், ரயில் தண்டவாளத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே வசிக்கும் ஏழையும் அதே விகிதத்தில் வரி கொடுக்கிறான். மோட்டார் இல்லாத அவன் அந்தக் குன்றுக்கு எப்படிப் போவான்? இக்கேள்விக்கு அவ்வட்டாரம் சொன்ன பதில் முழுமையானது அன்று எனினும் கவனிக்கத்தக்கது. குன்றுகளோடு நில்லாமல், குப்பை கொட்டியும் கடலை மண்ணிட்டு நிரப்பியும் பாழ்பட்டிருந்த விரிகுடாக் கரைகளை மீட்டு, உழைப்பாளர் வசிக்கும் பகுதிகளுக்கு அருகிலேயே கரையோரப் பூங்காக்களை அமைத்தது. மேற்சொன்ன இரண்டு கடன்பத்திரத் தொகைகளிலும் நான்கில் ஒரு பங்கை உள்ளூர் நகரசபைகளுக்கும் பூங்கா நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, தெருமுனை விளையாட்டு மைதானத்துக்கும் அந்தப் பணம் சென்று சேர வழிசெய்தது.

வாங்குவதற்குப் பணம் தருவோர், காப்பதற்குத் தர மறந்துவிடுவதும் உண்டு. 1991 அக்டோபரில் ஓக்லண்டுக் குன்றுகளில் மூண்ட பெருந்தீ 25 உயிர்களைக் கொள்ளைகொண்டது. காய்ந்த புல்லையும் அந்நிய யூகலிப்டஸ் காட்டையும் பராமரிக்காமல் விட்டால் பூங்காவே ஊருக்குப் பகையாகும் என்பதை அது உணர்த்திற்று. 2004-இல் விரிகுடாவை ஒட்டிய நகரங்களின் மக்கள், வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 12 டாலர் என்ற தனி வரியைப் பராமரிப்புக்கும் தீத்தடுப்புக்கும் என்றே ஏற்றுக்கொண்டு, 2018-இல் அதைப் புதுப்பித்தும் கொடுத்தார்கள்.

6. நாம் அறிந்த ஓர் உதாரணம்

இத்தகைய ஏற்பாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இவ்விஷயத்தில் எழுந்த முதல் மாகாணச் சட்டம், நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் அவர்களின் இடைவிடாத முயற்சியாலும், கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் அவர்களின் உறுதியாலும் நிறைவேறியது. சொத்துவரியோடு சேர்த்து ஒரு நூலக வரி வசூலித்து, அதை ஜில்லா தோறும் அமையும் நூலக ஆணைக்குழுவின் தனி நிதியில் சேர்க்க வேண்டும் என்று அது விதித்தது. கிராமத்துக் கிளை நூலகத்தில் பத்திரிகை படிக்க உட்கார்ந்த ஒவ்வொருவரும் அந்த வரியின் பயனை அனுபவித்தவரே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே ஆணைக்குழுவை வரி கொடுப்போர் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பணமும் உள்ளாட்சி மன்றங்களின் கைவழியே வர வேண்டியிருப்பதால், வசூலான நூலக வரி உரிய காலத்தில் வந்து சேரவில்லை என்ற முறையீடு அடிக்கடி எழுகிறது. நம் வீட்டு வரிச்சீட்டில் நூலக வரி என்று ஒரு வரி அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். அந்தப் பணத்தைச் செலவிடுபவர் யார், அவரை எங்கே சென்று கேட்பது என்பதை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே அந்நாட்டுச் சரித்திரத்திலிருந்து நான் பெறும் முடிவு இது. தனி வரி மட்டும் போதாது. அந்த வரி, எல்லையும் நோக்கமும் வெளிப்படையான வாக்கும் ஆகிய மூன்றோடும் சேர்ந்தே பிறக்க வேண்டும். எல்லை, காரியத்தின் அளவாக இருக்க வேண்டும். ஆற்றைக் காக்க ஆற்றுப்படுகை, குன்றைக் காக்கக் குன்று. நோக்கம், சாமானியன் ஒருவன் தன் கண்ணால் கண்டு சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். வாக்கு, ஒருமுறை கொடுத்து மறந்துவிடுவதாக இல்லாமல், குழுவைத் தேர்ந்தெடுக்கும்போதும், புதிய பணம் கேட்கும்போதும், காத்த நிலத்தைக் கைவிட முனையும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதாக இருக்க வேண்டும். கலிபோர்னியச் சட்டத்தில், பூங்காவென்று அர்ப்பணித்த நிலத்தை, வாக்காளரின் சம்மதமோ சட்டசபையின் தனி அனுமதியோ இன்றிக் குழுவே நினைத்தாலும் விற்க முடியாது. அமைத்தவர்களையே கட்டுப்படுத்தும் அந்த ஒரு விதி, பல அழகிய முன்னுரைகளை விட மேலானது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் நாளை நகரசபைகளிலும் சட்டமன்றங்களிலும் அமரப் போகிறீர்கள். எஞ்சியோர் அவற்றுக்கு வரி கொடுக்கப் போகிறீர்கள். ஏரி, கரை, குன்று, மைதானம் என்று எதையேனும் காக்க உங்களிடம் பணம் கேட்டு எவரேனும் வரும்போது, வரி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கையை இறுக்கிக்கொள்ளாதீர்கள்; நல்ல காரியம் என்று சொன்ன மாத்திரத்தில் கையைத் திறந்தும் விடாதீர்கள். எதற்கு, எங்கே, எவ்வளவு, யார் கையில், யாருக்குக் கணக்கு என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால், கஷ்டகாலமாயினும் மனமுவந்து கொடுங்கள். கஷ்டம் தீரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓக்லண்டு ஜனங்கள் 1934-இல் சொல்லியிருந்தால், கஷ்டம் தீர்ந்த அன்று வாங்குவதற்கு அந்தக் குன்றுகள் மிஞ்சியிரா.